ராத் ஆஃப் த ரைட்டியஸ்: டர்ன்-பேஸ்டு, ரியல்-டைம் இரண்டையும் கலந்து ஆட ஒரு முழு வழிகாட்டி

பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் த ரைட்டியஸ் என்ற ரோல்-பிளேயிங் கணினி விளையாட்டைப் புதிதாகத் தொடங்கிய சிலர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் கேரக்டர் வேறு, ரசனை வேறு, ஆனால் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். சிலர் எல்லாச் சண்டையையும் டர்ன்-பேஸ்டில், அதாவது ஒருவர் பின் ஒருவராக முறை வைத்து ஆடி, முதல் அத்தியாயம் முடிவதற்குள் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் ரியல்-டைமில், அதாவது எல்லோரும் ஒரே சமயத்தில் இயங்கும்படி ஓடவிட்டு, ஏன் செத்தோம் என்றே தெரியாமல் ஏழாவது தடவை லோட் செய்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் இரண்டு முறைகளும் ஒரே பட்டனில் இருக்கின்றன, சண்டை நடுவிலும் மாற்றலாம். புது வகை எதிரியை டர்ன்-பேஸ்டில் சந்தித்துப் புரிந்துகொள்ளுங்கள், புரிந்த எதிரியை ரியல்-டைமில் முடியுங்கள். கீழே வருவதெல்லாம் அதற்கான வேலைதான். வரிசை முக்கியம், அதனால் முதல் தடவை படிக்கும்போது தாவாமல் படியுங்கள்.

1. ஆட்டம் தொடங்கும் முன் செட்டிங்ஸ்

முதலில் கடினநிலை. நார்மலில் தொடங்குங்கள். இந்த மாதிரி விதிகள் உள்ள ஆட்டத்தை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்றால் கேஷுவல். கோர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு "மற்ற ஆட்டங்களில் நான் ஹார்டில்தானே ஆடுவேன்" என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. விதிகளை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர்களுக்கான நிலை அது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் கீழே இருந்து மேலே போவது சுலபம், தோற்றுத் தோற்று வெறுப்பாகிக் கீழே இறங்குவதுதான் கஷ்டம்.

லாஸ்ட் அஸ்லான்டி என்று ஒன்று இருக்கும். அதில் ஒரே ஒரு சேவ்தான். முதல் ஆட்டத்தில் அதைத் தொடவே வேண்டாம், தப்பு செய்து பார்த்து, திரும்ப வந்து, வேறு விதமாக முயற்சி செய்வதுதான் இங்கே கற்கும் வழி.

அடுத்து ஆட்டோ-பாஸ். எதிரி கண்ணில் பட்டதும், பொறி தெரிந்ததும், நம் ஆள் விழுந்ததும் ஆட்டம் தானாக நிற்கும்படி வையுங்கள். இவை மட்டும் போதும். இருக்கிற எல்லாவற்றையும் டிக் செய்தால் இரண்டு நொடிக்கு ஒரு தடவை நிற்கும், பிறகு எரிச்சலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுவீர்கள். பலர் அப்படித்தான் செய்தார்கள்.

டர்ன்-பேஸ்டில் எதிரிகளின் முறை ஓடும் வேகத்தையும் செட்டிங்ஸில் கூட்டலாம். கூட்டிவிடுங்கள், உங்கள் முறையின் வேகத்தை மட்டும் சாதாரணமாக விட்டுவிடுங்கள். டர்ன்-பேஸ்டு இழுவை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதை மாற்றாதவர்கள்.

கீபோர்டில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஸ்பேஸ் பார் ஆட்டத்தை நிறுத்தும். டி விசை ரியல்-டைமையும் டர்ன்-பேஸ்டையும் மாற்றும்.

2. ஒரு சுற்று என்றால் என்ன

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த எதற்கும் போகாதீர்கள்.

ஒரு சுற்று என்பது 6 நொடி. ரியல்-டைமில் எல்லோரும் அந்த 6 நொடியை ஒரே சமயத்தில் செலவழிக்கிறார்கள், டர்ன்-பேஸ்டில் ஒருவர் பின் ஒருவராகச் செலவழிக்கிறார்கள். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். ரியல்-டைமில் வாள் வீசுவது ஏதோ ஆக்‌ஷன் ஆட்டம் மாதிரி தெரிந்தாலும், பின்னால் 20 முகமுள்ள பகடை உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

பகடையில் வந்த எண்ணோடு உங்கள் தாக்குதல் எண்ணைக் கூட்டினால் எதிரியின் ஆர்மர் கிளாஸை (அவனை அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்டும் எண்) எட்ட வேண்டும், எட்டினால் அடி விழும். 20 வந்தால் கட்டாயம் விழும், 1 வந்தால் கட்டாயம் தவறும்.

ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன், ஒரு மூவ் ஆக்‌ஷன், ஒரு ஸ்விஃப்ட் ஆக்‌ஷன். பெரும்பாலான ஸ்பெல்களும் (மந்திரங்களும்) ஒற்றை அடியும் ஸ்டாண்டர்டில் போகும், நடப்பது மூவில் போகும். இரண்டையும் சேர்த்து ஒரே வேலைக்குக் கொடுத்தால் ஃபுல் அட்டாக், அதாவது அந்தக் கேரக்டருக்கு உரிய எல்லா அடிகளும். அதனால்தான் எதிரிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் வீரன், ஓடிப்போய் அடிப்பவனைவிட அதிகம் சாதிக்கிறான். 5 அடி தூரம் மட்டும் நகர்ந்தால் ஃபுல் அட்டாக் கெடாது, அதை டர்ன்-பேஸ்டில்தான் துல்லியமாகச் செய்ய முடியும்.

அப்புறம் அட்டாக் ஆஃப் ஆப்பர்சுனிட்டி. எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து சாதாரணமாக விலகி நடந்தால் அவனுக்கு ஓர் இலவச அடி கிடைக்கும். அங்கேயே நின்று வில் எய்தாலும் அப்படித்தான். ரியல்-டைமில் "பின்னால் வா" என்று ஒரு கிளிக் செய்துவிட்டு, மந்திரவாதி ஏன் விழுந்தான் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

3. கேரக்டர் உருவாக்கம்: எளிமையாக வையுங்கள்

உங்களுக்கு 25 புள்ளி தருகிறார்கள். ஒரு திறனை 16-க்கு ஏற்ற 10 புள்ளி, 18-க்கு ஏற்ற 17 புள்ளி. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தாலே விஷயம் புரியும், கடைசி இரண்டு படிக்கு 7 புள்ளி கேட்கிறது. முதல் ஆட்டத்தில் முக்கியத் திறனை 16 அல்லது 17-ல் நிறுத்தி, மிச்சத்தைக் கான்ஸ்டிட்யூஷனுக்கும் (உடலுறுதி) டெக்ஸ்டெரிட்டிக்கும் (சுறுசுறுப்பு) கொடுங்கள். உயிரோடு இருக்கும் கேரக்டர்தான் கற்றுக்கொடுக்கும்.

ஒரே கிளாஸில், அதாவது கேரக்டரின் ஒரே தொழில் வகையில், நேராகப் போங்கள். இணையத்தில் நான்கு கிளாஸ் கலந்த கட்டமைப்புகள் கிடைக்கும், அவற்றின் பலன் பெரும்பாலும் பல லெவல் கழித்துத்தான் வரும். அதுவரை எல்லாவற்றிலும் பாதி தெரிந்த ஆளாகத் திணறுவீர்கள், ஏன் என்றும் புரியாது.

எந்த கிளாஸ்? பின்னால் உங்கள் அணியில் சேருபவர்களைத் தெரிந்துகொண்டு முடிவு செய்தால் நல்லது. சீலா பாலடின், முன்வரிசையில் நிற்பாள். லான் வில்லாளி. எம்பர், நெனியோ இருவரும் ஸ்பெல் போடுபவர்கள். டேரன் ஓரக்கிள், குணப்படுத்துவான். வோல்ஜிஃப் திருட்டு வேலையும் கொஞ்சம் மந்திரமும் தெரிந்தவன். இந்தப் பட்டியலில் இரண்டாவது முன்வரிசை ஆள்தான் ஆரம்பத்தில் குறைகிறது. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது, கனமான கவசமும் இரண்டு கைகளால் பிடிக்கும் பெரிய ஆயுதமும் உள்ள ஒரு வீரன், அல்லது முதல் லெவலிலிருந்தே விலங்குத் துணை தரும் கிளாஸ். ஓநாய் மாதிரி ஒரு துணை முன்னால் நின்றால் அணியில் ஓர் ஆள் கூடினது போல, அதன் கடி எதிரியைக் கீழே தள்ளவும் தள்ளும்.

வில்லாளிக்கு ஒரு கட்டாய விஷயம். நம் ஆள் கைகலப்பில் இருக்கும் எதிரி மீது எய்தால் தாக்குதலில் 4 குறையும். பிரிசைஸ் ஷாட் என்ற சிறப்புப் பயிற்சியை எடுத்தால்தான் அந்தக் குறை போகும். அது இல்லாமல் வில்லாளியை ஓட்டுவது கண்ணைக் கட்டிவிட்டு எய்யச் சொல்வது போல. கையை நீட்டி ரே (கதிர்) ஸ்பெல் போடுபவர்களுக்கும் இதே விதிதான், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

4. ஷீல்ட் மேஸ்: முழுக்க டர்ன்-பேஸ்டில்

கதை தொடங்கியதும் நிலத்தடியில் விழுவீர்கள், அங்கிருந்து வெளியே வரும் வழிதான் ஷீல்ட் மேஸ். இந்தப் பகுதி முழுவதையும் டர்ன்-பேஸ்டில் ஆடுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். இங்கே நீங்கள் எதிரியைக் கொல்வதைவிட, சண்டைப் பதிவைப் படிக்கப் பழகுவதுதான் வேலை.

ஒவ்வொரு அடிக்கும் பதிவில் ஒரு வரி வரும், அதன்மேல் மவுஸை வைத்தால் பகடை எண், கூட்டியவை, கழித்தவை எல்லாம் விரியும். முதல் பத்து சண்டைக்கு, அடி தவறும் ஒவ்வொரு தடவையும் அதை விரித்துப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் தாக்குதல் எண் 5, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகடையில் 13 அல்லது அதற்கு மேல் வேண்டும், அதாவது 20-ல் 8 வாய்ப்பு. இப்போது பிளெஸ் என்ற ஸ்பெல்லைப் போட்டால் 1 கூடும். நம் ஆட்கள் இருவர் அதே எதிரியோடு கைகலப்பில் இருந்தால் ஃப்ளாங்கிங், அதற்கு 2. இந்த ஆட்டத்தில் எதிரெதிர் பக்கம் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். இப்போது 10 வந்தாலே விழும், 20-ல் 11 வாய்ப்பு. எதிரி கீழே விழுந்து கிடந்தால் கைகலப்பு அடிகளுக்கு அவன் ஆர்மர் கிளாஸில் 4 குறையும், இப்போது 20-ல் 15 வாய்ப்பு. லெவல் ஏறவில்லை, புது வாள் வாங்கவில்லை, 8 வாய்ப்பு 15 ஆகிவிட்டது. இந்தக் கணக்கு ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் பிறகு ஆட்டமே வேறு மாதிரி தெரியும்.

கீழே தள்ளுவதற்கு ஆரம்பத்தில் சிறந்த வழி, தரையில் எண்ணெய் விரிக்கும் கிரீஸ் ஸ்பெல். எதிரி வரும் வாசலில் போடுங்கள், வழுக்கி விழுபவன் எழுந்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆட்களுக்கு இலவச அடி. நம் ஆட்களும் அதில் வழுக்குவார்கள், அதனால் முன்வரிசையை எண்ணெய்க்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஸ்லீப் ஸ்பெல்லும் இந்தக் கட்டத்தில் நன்றாக வேலை செய்யும், எதிரிகள் பலமாக ஆக ஆக அது பயனற்றுப் போகும், அப்போது கைவிட்டுவிடுங்கள்.

இந்த மேஸில் ஒரு நீர் எலிமென்டல் இருக்கிறது. கதைக்கு அவசியமில்லாத சண்டை அது. இரண்டு அடியில் ஒருவர் விழுந்தால் பிடிவாதம் பிடிக்காமல் லோட் செய்து வேறு பக்கம் போங்கள், ஒரு லெவல் ஏறியதும் வாருங்கள். எதிரில் வந்ததை எல்லாம் அப்போதே கொன்றாக வேண்டும் என்ற பழக்கம் இந்த ஆட்டத்துக்கு ஆகாது.

5. பஃப்: எதை எப்போது போடுவது

பஃப் என்றால் நம் ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் பலம் கூட்டும் ஸ்பெல். பஃப்களைப் பலம் பார்த்து நினைவில் வைக்காதீர்கள், நீடிக்கும் நேரம் பார்த்து வையுங்கள். சண்டைக்கு வெளியே ஆட்டம் எப்போதும் ரியல்-டைமில்தான் ஓடுகிறது, ஒரு நிமிட பஃப் என்றால் நிஜமாகவே உங்கள் கடிகாரத்தில் ஒரு நிமிடம். இதை மறந்துவிட்டு எல்லா பஃப்களையும் போட்டபின் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால், எதிரியைச் சந்திக்கும்போது எதுவும் மிஞ்சியிருக்காது.

மணிக்கணக்கில் நீடிப்பவை, மேஜ் ஆர்மர் மாதிரி, தூங்கி எழுந்ததும். லெவலுக்கு 10 நிமிடம் நீடிக்கும் பார்க்ஸ்கின், ஹீரோயிசம் போன்றவை ஆபத்தான இடத்துக்குள் நுழையும்போது. லெவலுக்கு ஒரு நிமிடம் நீடிக்கும் பிளெஸ், ஷீல்ட், புல்ஸ் ஸ்ட்ரெங்த் எல்லாம் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே யார் என்று தெரிந்த பிறகு. சுற்றுக் கணக்கில் நீடிக்கும் ஹேஸ்ட் மாதிரியானவை சண்டை தொடங்கிய பிறகு முதல் முறையில். ஹேஸ்டை வாசலிலேயே போட்டுவிட்டு நடந்து போனால் நடக்கும் நேரத்திலேயே பாதி கரைந்துவிடும்.

அடுத்தது, ஒரே வகை போனஸ் இரண்டு இருந்தால் பெரியது மட்டும்தான் கணக்கில் வரும். டாட்ஜ் போனஸ் போன்ற சில விதிவிலக்குகளை விடுங்கள். புதியவர்கள் அதிகம் ஸ்பெல் வீணடிப்பது இங்கேதான். கனமான கவசம் போட்ட சீலாவுக்கு மேஜ் ஆர்மர் போடுவதில் பயனே இல்லை, இரண்டுமே ஆர்மர் போனஸ். கையில் கேடயம் வைத்திருப்பவருக்கு ஷீல்ட் ஸ்பெல்லும் அப்படியே, இரண்டில் பெரியது மட்டும் நிற்கும். வலிமை கூட்டும் பெல்ட் கட்டியிருந்தால் புல்ஸ் ஸ்ட்ரெங்த் அதோடு சேராது. ஹீரோயிசமும் குட் ஹோப்பும் தாக்குதலுக்கு ஒரே வகை போனஸ்தான் தருகின்றன, இரண்டையும் ஒருவர்மேல் போட்டால் ஒரு ஸ்பெல் வீண். ஸ்பெல் விளக்கத்தில் போனஸின் வகை எழுதியிருக்கும், அந்த ஒரு சொல்லைப் படித்தால் போதும்.

மாறாக ஆர்மர், ஷீல்ட், டிஃப்ளெக்‌ஷன், நேச்சுரல் ஆர்மர் என்று வகைக்கு ஒன்றாகச் சேர்த்தால் எல்லாமே கூடும். முன்வரிசை ஆள் ஒருவருக்கு இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்தாலே நார்மலில் நீண்ட தூரம் போகலாம்.

6. எந்தச் சண்டையை எந்த முறையில் ஆடுவது

ஷீல்ட் மேஸை விட்டு மேலே வந்து, கெனாப்ரஸ் நகரத்தில் டிஃபெண்டர்ஸ் ஹார்ட் என்ற விடுதியை அடைந்தபின் ரியல்-டைமை எடுக்கத் தொடங்குங்கள். அதற்கு முன் வேண்டாம்.

நான் பார்ப்பது ஒரே ஒரு கேள்வி. இந்த எதிரி என்ன செய்வான் என்று எனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் ரியல்-டைம். தெரியாது என்றால் டர்ன்-பேஸ்டு.

தெருவில் டீமன்களை வழிபடும் நான்கு கல்ட்டிஸ்டுகள், போன தெருவிலும் இதே ஆட்கள். டர்ன்-பேஸ்டில் பல நிமிடம் இழுப்பது ரியல்-டைமில் அரை நிமிடத்தில் முடியும். அதே கூட்டத்தின் நடுவில் பெயர் வைத்த ஒருவன் நின்றால், அல்லது ஸ்பெல் போடுபவன் இருந்தால், அல்லது இதுவரை பார்க்காத உருவம் தெரிந்தால், ஆட்டோ-பாஸ் நின்ற அந்தக் கணமே டி விசையை அழுத்துங்கள். எதிரியை இன்ஸ்பெக்ட் செய்து பாருங்கள். உங்கள் அணியில் யாருக்காவது அது பற்றிய அறிவுத்திறன் இருந்தால் அவன் ஆர்மர் கிளாஸ், தாங்குதிறன் எல்லாம் தெரியவரும். அதனால்தான் அணியில் ஒருவராவது நாலெட்ஜ், லோர் திறன்களை ஏற்றிக்கொண்டே வர வேண்டும் என்று சொல்வது.

டர்ன்-பேஸ்டு பெரிதும் உதவும் இன்னொரு இடம், பரப்பில் வெடிக்கும் ஸ்பெல்கள். ஃபயர்பால் 20 அடி ஆரத்தில் வெடிக்கும், நம் ஆட்களையும் சுடும். ரியல்-டைமில் நீங்கள் வட்டம் வைத்து, மந்திரவாதி ஓதி முடிப்பதற்குள் எதிரி நகர்ந்திருப்பான், நம் சீலா உள்ளே போயிருப்பாள். டர்ன்-பேஸ்டில் யாரும் அசைவதில்லை, வட்டத்துக்குள் யார் யார் என்று தெளிவாகத் தெரியும். மந்திரவாதியின் முறை முதலில் வந்து எதிரிகள் இன்னும் சிதறி நின்றால், அவன் முறையைத் தள்ளிப்போட்டுவிட்டு அவர்கள் ஒன்றுகூடும் வரை காத்திருக்கலாம்.

சார்ஜும் டர்ன்-பேஸ்டில் நன்றாகக் கைகொடுக்கும். நேர்வழியில் தடை இல்லாமல் இருந்தால் இரட்டைத் தூரம் ஓடி, தாக்குதலில் 2 கூட்டி அடிக்கலாம், அந்தச் சுற்றுக்கு உங்கள் ஆர்மர் கிளாஸில் 2 குறையும். முதல் அடியில் எதிரி மந்திரவாதியை அடைய இதைவிட நல்ல வழி ஆரம்பத்தில் இல்லை.

சரி, நடுவில் மாற்றுவது எப்படி? பெரிய சண்டையை டர்ன்-பேஸ்டில் தொடங்குங்கள். ஆபத்தான இருவர் விழுந்து, மிச்சம் இருப்பவர்கள் சில்லறை ஆட்கள் என்று உறுதியானதும் ரியல்-டைமுக்கு வாருங்கள். எதிர்த்திசையிலும் இதே மாதிரி, ரியல்-டைமில் ஓடும் சண்டையில் எதிர்பாராமல் ஒருவர் பாதி உயிருக்கு இறங்கினால் முதலில் ஸ்பேஸ் பார், பிறகு பதிவைப் பாருங்கள், பிறகு டி. நம் மந்திரவாதி ஓதிக்கொண்டிருக்கும்போது மாற்றாமல், ஸ்பெல் வெளியே போனதும் மாற்றுவது நல்லது, அப்போதுதான் யார் என்ன செய்து முடித்தார்கள் என்பதில் குழப்பம் வராது.

முறையை மாற்றுவது ஏமாற்று வேலை என்று நினைத்துத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆட்டத்தைச் செய்தவர்களே கையில் கொடுத்த கருவி அது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆட்டத்தின் சுகமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது, மெதுவாகக் கணக்குப் போட்டு வைத்த வலையில் எதிரி விழுந்தபின், ஒரே மூச்சில் எல்லாம் ஓடி முடிவதைப் பார்ப்பது.

7. ரியல்-டைமில் ஒழுங்காக ஆடுவது

ரியல்-டைம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு தடவையாவது பாஸ் செய்யுங்கள், 6 நொடிதான் என்பதால் அந்தத் தாளம் சீக்கிரம் பிடிபடும்.

எல்லோரையும் தேர்ந்தெடுத்து ஒரே எதிரிமேல் கிளிக் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் வேகமாக நடப்பவர் முதலில் போய்ச் சேர்வார், பெரும்பாலும் அது கவசம் குறைந்தவராகத்தான் இருக்கும். முன்வரிசையை மட்டும் முதலில் அனுப்புங்கள். எதிரி அவர்களோடு சிக்கியபின் மற்றவர்களுக்கு வேலை கொடுங்கள். ஃபார்மேஷனையும் ஒரு தடவை சரிசெய்து வைத்துவிட்டால், நடந்து போகும்போதே தாங்கக்கூடியவர்கள் முன்னால் இருப்பார்கள்.

இலக்கை அடிக்கடி மாற்றாதீர்கள். ஒருவனை அடித்துக்கொண்டிருக்கும் ஆளை வேறொருவனிடம் ஓடச் சொன்னால், ஓடுவதில் சுற்று போகும், விலகும்போது இலவச அடியும் வாங்குவான்.

ஒரு கேரக்டரின் ஏதாவது ஒரு திறன்மேல் வலது கிளிக் செய்தால் அதைத் தானாகப் பயன்படுத்திக்கொண்டே இருப்பார். மந்திரவாதிகளுக்குத் எத்தனை தடவை போட்டாலும் தீராத சின்ன மந்திரமான கேன்ட்ரிப் ஒன்றை இப்படி வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் கையில் இருக்கும் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடுவார்கள்.

8. டீமன்களோடு சண்டை: ஏன் அடி உறைக்கவில்லை

இந்த ஆட்டத்தின் பெரும்பகுதி எதிரிகள் டீமன்கள், அவர்களுக்கென்று சில பொது இயல்புகள் உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பல லோட் மிச்சமாகும்.

மின்சாரமும் விஷமும் அவர்களை ஒன்றும் செய்யாது. தீ, குளிர், அமிலம் ஒவ்வொன்றிலும் 10 புள்ளி சேதத்தைத் தாங்கிக்கொள்வார்கள். ஸ்கார்ச்சிங் ரே ஒரு கதிருக்கு 4 ஆறுமுகப் பகடை, சராசரி 14. அதில் 10 போனால் 4. இரண்டு கதிர் விட்டாலும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 10 கழியும். மனித எதிரிகளிடம் அருமையாக வேலை செய்த ஸ்பெல் டீமனிடம் தூசு தட்டியது போல ஆவது இதனால்தான்.

ஆயுத அடிக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. சின்ன டீமனான ட்ரெட்சுக்குக்கூட, கோல்ட் அயர்ன் (cold iron, தங்கம் இல்லை) ஆயுதமோ குட் (நன்மை) தன்மையுள்ள ஆயுதமோ இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் 5 கழியும். குத்துவாளால் 4, 5 என்று அடிப்பவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. இருகை வாளால் 13 அடிப்பவருக்கு 8 மிஞ்சும். அதனால் கோல்ட் அயர்ன் ஆயுதம் கிடைத்தால் விற்காதீர்கள், ஆளுக்கு ஒன்று பையில் இருக்கட்டும். பல சின்ன அடிகளை நம்பும் கேரக்டருக்கு முதலில் கொடுங்கள்.

பலமான டீமன்களுக்கு ஸ்பெல் ரெசிஸ்டன்ஸ் உண்டு. பகடையோடு ஸ்பெல் போடுபவரின் லெவலைக் கூட்டி அந்த எண்ணை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் ஸ்பெல் வெறுமனே கலைந்துவிடும். நேரடியாகத் தாக்கும் ஸ்பெல்களை நம்புபவருக்கு ஸ்பெல் பெனட்ரேஷன் கட்டாயம். மற்றவர்கள் பஃப் போடலாம், உயிரினங்களை வரவழைக்கலாம், கிரீஸ் விரிக்கலாம், இவற்றுக்கு அந்தத் தடை இல்லை. வரவழைத்த உயிரினம் செத்தாலும் பரவாயில்லை, எதிரியின் முதல் சுற்று அடிகளை நம் ஆளுக்குப் பதில் அது வாங்கினாலே போட்ட ஸ்பெல்லுக்குப் பலன் வந்துவிட்டது.

9. ஓய்வும் கரப்ஷனும்

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கூடாரம் போட்டுத் தூங்கினால் ஸ்பெல்கள் திரும்பக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் டீமன்களின் பாதிப்பு உள்ள இடங்களில் தூங்கத் தூங்க கரப்ஷன் ஏறும். ஏறினால் அணி முழுவதற்கும் பாதிப்பு, கூடக் கூடக் கடுமையாகும். பாதுகாப்பான இடத்தில் ஓய்வெடுத்தால்தான் அது இறங்கும்.

அதனால் கணக்கு இப்படி வையுங்கள். சில்லறைச் சண்டைகளில் தீராத திறன்களையும் ஆயுதங்களையும் மட்டும் பயன்படுத்துங்கள், ஸ்பெல்களைப் பெரிய சண்டைக்கு ஒதுக்குங்கள். குணப்படுத்த மந்திரக்கோல், மருந்து இருந்தால் அவற்றை முதலில் செலவழியுங்கள். பையில் ஸ்பெல் எழுதிய நாற்பது சுருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு தேவைப்படும் என்று ஒன்றைக்கூடத் தொடாமல் ஆடியவரைப் பார்த்திருக்கிறேன். சுருள்கள் தொடர்ந்து கிடைத்துக்கொண்டேதான் இருக்கும், பயன்படுத்துங்கள்.

முதல் அத்தியாயத்தின் முடிவில் மிதிக் திறன் (சாதாரண லெவலுக்கு அப்பால் கிடைக்கும் சிறப்புச் சக்தி) எடுக்கச் சொல்லும். மந்திரவாதிகளுக்கு அபண்டன்ட் காஸ்டிங் எடுத்தால் முதல் மூன்று நிலை ஸ்பெல்களில் ஒவ்வொன்றிலும் நாளுக்கு 4 கூடும். ஓய்வுத் தொல்லை பாதியாகக் குறையும். எந்த மிதிக் பாதை என்பது பின்னால் வரும் முடிவு, அதை உங்களுக்குப் பிடித்த கதையை வைத்து எடுங்கள், பலத்தை வைத்து எடுக்க வேண்டாம்.

10. படை நடத்தும் பகுதி

இரண்டாம் அத்தியாயத்திலிருந்து சிலுவைப்போர்ப் படைகள் உங்கள் கைக்கு வரும். இது வேறு ஒரு ஆட்டம், கட்டம் போட்ட களத்தில், டர்ன்-பேஸ்டில் மட்டும். இங்கே ரியல்-டைம் இல்லை.

புதியவர்கள் செய்யும் தப்பு, ஐந்தாறு வகைப் படைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது, அதை மூன்று சேனைகளாகப் பிரிப்பது. ஒரே சேனை, அதில் ஒரு பெரிய வில்லாளிக் கூட்டம், அவர்களுக்கு முன்னால் நின்று அடி வாங்க ஒரு காலாட்கூட்டம். இப்படித் தொடங்குங்கள். பெரிய கூட்டமாக இருந்தால் எதிரிக் கூட்டம் ஒன்றை அது திருப்பி அடிப்பதற்குள் அழித்துவிடலாம், இழப்பு குறையும், வென்ற சேனை வளர்ந்துகொண்டே போகும். ஜெனரலாக, தாக்கும் ஸ்பெல்லோ குணப்படுத்தும் ஸ்பெல்லோ உள்ளவரை எடுங்கள், லெவல் ஏற ஏற அவரே பாதிப் படைக்குச் சமம். ஆட்சேர்ப்பு வாரத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படும், விட்டுவிடாமல் பாருங்கள்.

பிடிக்கவில்லை என்றால் தானியங்கிக்கு மாற்றலாம். ஆனால் சில பொருட்களும் கதையின் சில கதவுகளும் இந்தப் பகுதியோடு கட்டப்பட்டிருக்கின்றன, அவை கைவிட்டுப் போகும். எனக்குத் தெரிந்தவரை நல்ல நடுவழி, இந்தப் பகுதியின் கடினநிலையை மட்டும் தனியாகக் குறைத்துவிட்டு ஆடுவதுதான்.

11. ஒரே சண்டையில் மூன்று தடவை தோற்றால்

நான்காவது தடவை அதே மாதிரி முயற்சி செய்யாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சண்டைப் பதிவு. நம் அடி தவறுகிறதா, விழுந்தும் உறைக்கவில்லையா? தவறினால் பிளெஸ், ஃப்ளாங்கிங், கீழே தள்ளுவது. உறைக்கவில்லை என்றால் ஆயுதத்தின் உலோகம், ஸ்பெல்லின் வகை.

அடுத்து, நம்மில் யார் முதலில் விழுகிறார், எதனால்? அடியில் விழுந்தால் அவர் நிற்கும் இடம் தப்பு. பயம், மயக்கம் மாதிரி ஸ்பெல்லில் விழுந்தால் வில் (மனவுறுதி), ரிஃப்ளெக்ஸ் (விலகும் வேகம்), ஃபார்ட்டிட்யூட் (உடல் தாங்குதல்) என்ற மூன்று தற்காப்புச் சோதனைகளில் எது தோற்றது என்று பதிவே சொல்லும், அதற்கான பாதுகாப்பு ஸ்பெல் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு, சண்டை தொடங்கும் இடம். பலர் கதவைத் திறந்ததும் உள்ளே போய் நடுவில் நின்று சண்டை போடுகிறார்கள். ஒருவரை மட்டும் அனுப்பி, எதிரி பார்த்ததும் வாசலுக்குப் பின்வாங்கி, அவர்களை ஒவ்வொருவராக வரவழைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து தோற்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு வரைபடத்தில் வேறு இடத்துக்குப் போங்கள். ஒரு லெவல் ஏறித் திரும்பி வந்து, முதல் சுற்றை டர்ன்-பேஸ்டில் ஆடிவிட்டுப் பாருங்கள், பல தடவை இரண்டாம் சுற்றிலேயே ரியல்-டைமுக்கு மாற்றிவிடலாம்.